மூன்று தெரு தூரம்

அப்பா இறந்த இரண்டாம் மாதம் அம்மா ரேஷன் கடைக்குப் போனார். அட்டையில் மிச்சமிருந்தது அவர் பெயர் மட்டும்தான். கைரேகை வைக்க அவரே போயாக வேண்டும். கடை மூன்று தெரு தள்ளி இருக்கிறது. போகும்போது பக்கத்து வீட்டு அக்கா துணைக்கு இருந்தார். அவர் வேலைக்குக் கிளம்பிவிட, தனியாகத் திரும்பிய அம்மா வழி தவறிவிட்டார். இஸ்திரி வண்டிக்காரர் ஒருவர்தான் வீடுவரை கொண்டுவந்து விட்டார்.

"அம்மாவுக்கு மறதி நோய் ஆரம்பிச்சிருச்சு போல" என்றான் அண்ணன். நானும் நம்பினேன். மருத்துவரிடம் கூட்டிப்போனோம். தேதி, பேரப்பிள்ளைகளின் பெயர்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல் என்று அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் அம்மா சரியாகப் பதில் சொன்னார். வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "மறக்கல தாயி. அந்தத் தெருவ நான் பார்த்ததே இல்லையே."

அந்த வீட்டில் அவர் வாழ்ந்தது 31 ஆண்டுகள். மளிகை, மருந்து, காய்கறி எல்லாம் அப்பா வாங்கி வருவார். கல்யாணம், கோயில் என்றால் ஆட்டோ வாசலுக்கே வரும். "வாசப்படி தாண்டாத பொம்பள" என்று உறவில் எல்லோரும் அம்மாவைப் புகழ்வார்கள். சிறுவயதில் அதைக் கேட்டு நானும் பெருமைப்பட்டிருக்கிறேன்.

நான் பள்ளியில் அறிவியல் எடுப்பவள். அன்றிரவு படிக்கத் தொடங்கினேன். அண்டார்க்டிகாவில் ஜெர்மனியின் நியூமாயர் நிலையத்தில் 14 மாதங்கள் தங்கிய ஒன்பது பேரை ஆராய்ந்து, 2019இல் ஒரு கட்டுரை வெளியானது. எங்கும் வெள்ளைப் பனி, தினமும் அதே சில முகங்கள். திரும்பி வந்தவர்களின் மூளையில் ஹிப்போகேம்பஸைச் சேர்ந்த ஒரு பகுதி, அங்கே போகாதவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 7 சதவீதம் சுருங்கியிருந்தது. புதிய நினைவுகளைப் பதியவும் இடங்களை மனதில் வரைந்து வைக்கவும் நமக்கு உதவுவது ஹிப்போகேம்பஸ்தான்.

ஒன்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அம்மாவின் மூளையை யாரும் படம் எடுத்ததுமில்லை. ஆனாலும் ஒன்று உறுத்தியது. அவர்கள் விரும்பிப் போனவர்கள். திரும்பும் காலம் தெரிந்தவர்கள். அம்மாவுக்கு அந்த இரண்டுமே இருந்ததில்லை. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அளக்க விஞ்ஞானிகள் இருந்தார்கள். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க நான்கூட இல்லை.

இன்னொன்றும் படித்தேன். பத்து மணிநேரம் தனியாக வைக்கப்பட்டவர்களிடம், மனிதர்கள் கூடியிருக்கும் படங்களைக் காட்டினார்கள். பசித்தவர் மூளை உணவைப் பார்த்து எப்படித் துடிக்குமோ, அப்படித்தான் அவர்கள் மூளையும் துடித்தது. எனக்குக் கீரைக்கார அம்மா நினைவுக்கு வந்தார். ஒரு கட்டுக் கீரை வாங்க அம்மா அவரை அரைமணி நேரம் நிறுத்தி வைத்துப் பேசுவார். "என்னம்மா வளவளன்னு" என்று நான் உள்ளேயிருந்து கத்துவேன். அது வெட்டிப்பேச்சு இல்லை, பசி என்று எனக்குத் தெரியவில்லை.

நம் வீடுகளில் "அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்பதைப் பெண்ணின் இயல்பாகவே சொல்கிறோம். லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் பற்றிய ஆய்வு 2000இல் வந்தது. நகரத்தின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்த அவர்களுக்கு ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. பயிற்சிக்கு வந்தவர்களைப் பின்னாளில் தொடர்ந்து கவனித்தபோது, தேறியவர்களிடம் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. அலைந்து திரிந்தவர்களுக்கு வளர்கிறது. அலைய விடாதவர்களை மட்டும் நாம் மந்தம் என்கிறோம்.

மறுவாரம் அம்மாவோடு ரேஷன் கடைக்கு நடந்தேன். வழி சொல்லவில்லை, பின்னால் மட்டும் போனேன். வேப்பமரம், இஸ்திரி வண்டி, நீலக் கேட் என்று அவராகவே அடையாளம் வைத்துக்கொண்டார். நான்காம் முறை என்னை வர வேண்டாம் என்றுவிட்டார்.

அன்று அரைமணி நேரம் தாமதம். பதறிப்போய் வாசலில் நின்றேன். பையைத் திண்ணையில் வைத்துவிட்டு அம்மா சொன்னார்: "வேற தெரு வழியா வந்தேன்."