வாசல் வரைக்கும்

"தம்பி, மூண்டு டொலர் முப்பது சதம். இந்தக் காசோட மைதான வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவாங்கள். செலவு அதுக்குப் பிறகுதான்" என்றார் அண்ணை, ஸ்காபரோவின் கென்னடி நிலையத்தில் சுரங்க ரயில் ஏறும்போது.

2025 கோடை. அண்ணை யாழ்ப்பாணத்துக் குருநகரில் வளர்ந்தவர். நான் கால்பந்து என்பதை அவர் பந்தடி என்பார். யூனியன் நிலையத்தில் இறங்கி 509ஆம் எண் டிராமுக்கு மாறினோம். பெட்டி முழுக்க டொரன்டோ எஃப்சியின் சிவப்புச் சட்டைகள். நடுவே நீலமும் கறுப்புமாக நாலைந்து பேர் பிரெஞ்சில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். மான்ட்ரியால் ரசிகர்கள். 401 நெடுஞ்சாலை வழியே சுமார் 540 கிலோமீட்டர் கடந்து வந்தவர்கள்.

டொரன்டோ எஃப்சியின் மைதானமான பிஎம்ஓ ஃபீல்ட் 2007இல் திறக்கப்பட்டது. ஒன்டாரியோ ஏரிக் காற்று விடாமல் வீசும் இடம். சுமார் 28,000 பேர் அமரலாம். அத்தனை பேருக்கு நடுவே வெளியூர்க்காரர்கள் ஒரு மூலையில் சின்னத் திட்டாக நின்றார்கள். ஆனால் அந்த மூலையிலிருந்து ஒரு பாட்டு கிளம்பினால், எதிர்க்கோடியிலிருந்து சிவப்புச் சட்டைகள் அதைவிடச் சத்தமாகப் பதில் பாடினார்கள். "உவங்கள் பெடியள் வராட்டி, எங்கடை ஆக்கள் ஆரைப் பார்த்துக் கத்திறது?" என்றார் அண்ணை. பிறகு விரல்விட்டு எண்ணினார்: பஸ் காசு, சாப்பாடு, டிக்கெட், ராத்திரி திரும்ப முடியாவிட்டால் அறை வாடகை.

அப்படி ஒரு மூலையில் நானும் நின்றிருக்கிறேன், வேறு ஊரில். 2018 மார்ச் 17, பெங்களூர் கண்டீரவா மைதானம், இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) இறுதி ஆட்டம். சென்னை வியாசர்பாடி நண்பர்களோடு ரயிலில் போனேன். ஒன்பதாவது நிமிடத்தில் பெங்களூரின் சுனில் சேத்ரி கோல் அடித்தபோது மைதானமே எங்கள் தலையில் இடிந்து விழுந்தது போலிருந்தது. பிறகு மெயில்சன் ஆல்வ்ஸ் தலையால் இரண்டு முட்டு முட்டினார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். சென்னையின் எஃப்சிக்கு 3-2. கையில் இருந்த காசு ரயிலுக்கும் டிக்கெட்டுக்கும் சரியாக இருந்தது. ராத்திரி டீயும் பன்னும்தான். டிக்கெட் இன்னும் இரண்டு மடங்கு விலை என்றால் எங்களில் பாதிப் பேர் வியாசர்பாடியிலேயே டிவி பார்த்திருப்போம்.

வெளியூர் ரசிகன் இரண்டு வாசலில் காசு கட்டுகிறான், ஒன்று வழியில், ஒன்று மைதானத்தில். இங்கிலாந்து இதைச் சண்டை போட்டுத்தான் புரிந்துகொண்டது. 2013 ஜனவரியில் ஆர்சனல் மைதானத்து ஆட்டத்துக்கு 62 பவுண்டு கேட்டார்கள். மான்செஸ்டர் சிட்டிக்கு ஒதுக்கிய சுமார் 3,000 டிக்கெட்டில் 912 விற்காமல் திரும்பின. 2016இல் பிரீமியர் லீக் வெளியூர் ரசிகர்களுக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை என்று முடிவு செய்தது.

2026 உலகக் கோப்பையில் டொரன்டோவின் அதே ஏரிக்கரை மைதானத்தில் ஆறு ஆட்டங்கள். ஜூன் 12 அன்று கனடாவின் முதல் ஆட்டம். தற்காலிக இருக்கைகள் சேர்த்து சுமார் 45,000 பேர் அமர ஏற்பாடு. விலையோ கிராக்கிக்கு ஏற்ப ஏறியது. ஓர் அணியை முதல் ஆட்டத்திலிருந்து இறுதி வரை தொடர, டிக்கெட்டுக்கு மட்டும் குறைந்தது 6,900 யூரோ ஆகும் என்று ஐரோப்பிய ரசிகர் அமைப்பு கணக்குப் போட்டது. எதிர்ப்பு வலுத்ததும், 2025 டிசம்பரில் ஃபிஃபா 60 அமெரிக்க டாலர் டிக்கெட் ஒன்றை அறிவித்தது. ஒவ்வோர் அணியின் ஆதரவாளர்களுக்கும் 8 சதவீத இருக்கை; அதில் பத்தில் ஒரு பங்குக்கே இந்த விலை. டொரன்டோவுக்குக் கணக்குப் போட்டால் ஓர் அணிக்குச் சுமார் 360 பேர். கண்டீரவாவில் எங்கள் மூலை கூட அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

மறுவிற்பனைக்கும் அப்போது கடிவாளம் இருக்கவில்லை. அசல் விலைக்கு மேல் 50 சதவீதம்தான் வைக்கலாம் என்று ஒன்டாரியோ மாகாணம் 2017இல் சட்டம் போட்டது. அடுத்து வந்த அரசு அது நடைமுறைக்கு வரும் முன்பே நிறுத்திவைத்து, 2019இல் நீக்கிவிட்டது. ஃபிஃபாவின் சொந்த மறுவிற்பனைத் தளமோ விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 15 சதவீதம் எடுத்துக்கொண்டது.

அறிவிப்பைப் படித்த அன்று அண்ணைக்குப் போன் போட்டேன். "60 டாலர் டிக்கெட் வந்திருக்காமே, அண்ணே?"

"அது அணிக்குப் பின்னாலை ஊர் ஊராத் திரியிற பெடியளுக்கு, தம்பி. அவங்களுக்குக் கிடைச்சாச் சந்தோசம். நான் மற்ற விலையைப் பார்த்தன். போனை மூடி வைச்சிட்டன்."

"அப்ப ஜூன் 12?"

"மூண்டு டொலர் முப்பது சதம் இருக்குத்தானே. வாசல் வரைக்கும் போயிட்டு வருவன். சத்தமாவது கேக்கும்."