வெள்ளி மலையும் வெறுங்கையும்

கைலாயத்தை வெள்ளிமலை எனப் போற்றுதல் தமிழ் மரபு. அது பனியின் வெண்மை கண்டு இட்ட பெயர். ஆனால், உள்ளே உண்மையாகவே வெள்ளி நிறைந்திருந்த மலையொன்றும் இவ்வுலகில் உண்டு. தென்னமெரிக்காவில், பொலிவியா நாட்டின் தென்பகுதியில் நிற்கும் அம்மலைக்கு ஸ்பானியர் ‘செரோ ரிக்கோ’ எனப் பெயரிட்டனர். செல்வ மலை என்பது அதன் பொருள். அதன் அடிவாரத்தில் அமைந்த நகரமே பொத்தோசி. செல்வ மலையின் அடியில் வாழ்வோர் செல்வராய் இருப்பர் என்றுதானே நாம் எண்ணுவோம்? அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை இவ்வூர் காட்டுகின்றது.

பொத்தோசி கடல் மட்டத்திற்கு மேல் 4,000 மீற்றருக்கும் கூடிய உயரத்தில் உள்ளது. நமது பிதுறுதலாகல மலையின் சிகரமே 2,524 மீற்றர்தான் என்றால், அவ்வூரின் உயரத்தை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். புதிதாகச் செல்வோருக்குச் சிறிது தூரம் நடந்தாலே மூச்சு வாங்கும். மரங்கள் அருகிய அக்குளிர் நிலத்தில், கூம்பு வடிவான செந்நிற மலை ஊரின்மேல் ஓங்கி நிற்கின்றது. ஒடுங்கிய தெருக்களும், மரப் பலகணிகள் வைத்த பழைய மாளிகைகளும், தேவாலயங்கள் பலவும் பண்டைப் பெருமையை இன்றும் பறைசாற்றுகின்றன. சான் லொறென்சோ தேவாலயத்தின் கல்வாயிலிலே சூரியனும் சந்திரனும், நரம்புக் கருவி மீட்டும் கடற்கன்னியரும் செதுக்கப்பட்டுள்ளனர். 1987ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

1545ஆம் ஆண்டில் இம்மலையில் வெள்ளி இருப்பது ஸ்பானியருக்குத் தெரியவந்தது. தியேகோ உவல்பா என்னும் சுதேசியே அதனை முதலிற் கண்டார் என்பது அவ்வூர் வழக்கு. அதன்பின் ஒரு நூற்றாண்டு கழியுமுன்னரே அங்கு ஏறக்குறைய 160,000 மக்கள் வாழ்ந்தனர். அக்காலத்து ஐரோப்பியப் பெருநகரங்களோடு ஒப்பிடத்தக்க தொகை இது. மிகுந்த மதிப்புடைய பொருளை ‘ஒரு பொத்தோசி பெறும்’ எனக் கூறும் வழக்கு ஸ்பானிய மொழியில் இன்றும் உண்டு.

அந்த வெள்ளியை வெட்டியெடுத்தவர் யாவர்? 1570களில் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ என்ற அரசப் பிரதிநிதி, இன்கா மன்னர் காலத்து ஊழிய முறையொன்றை மாற்றியமைத்து, ‘மீத்தா’ என்னும் கட்டாய வேலைமுறையை நிறுவினார். இராசகாரிய ஊழியத்தை வரலாற்றிற் படித்த நம் மாணவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். மலைநாட்டு மாகாணங்களிலே வயதுவந்த ஆடவரில் ஏழில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் முறைவைத்து வரவேண்டும். இவ்வாறு ஆண்டுக்கு 13,000 பேருக்கு மேல் அழைக்கப்பட்டனர். மனைவி மக்களுடன் பல வாரங்கள் நடந்து அவர்கள் பொத்தோசியை அடைந்தனர். கிடைத்த சொற்பக் கூலி உணவுக்கும் போதவில்லை. ஆழ்குழிகளிலிருந்து தாதுக் கற்களைச் சுமந்து, மெழுகுதிரி வெளிச்சத்தில் ஏணிகளில் ஏறினர். வெள்ளியைப் பிரித்தெடுக்கப் பயன்பட்ட பாதரசம் ஆலைகளில் வேலை செய்தோரின் உடலைக் கெடுத்தது. ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகளும் அந்நகரின் நாணயசாலையில் உழைத்தனர். 1812ஆம் ஆண்டிலேதான் ‘மீத்தா’ முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அவ்வெள்ளி எங்கே சென்றது? இலாமா, கோவேறு கழுதை ஆகியவற்றின் முதுகிலேறிப் பசிபிக் கரைக்கும், அங்கிருந்து பனாமா வழியாக ஸ்பெயினின் செவில் நகருக்கும் சென்றது. ஸ்பெயினிலும் அது தங்கவில்லை. போர்களுக்காகக் கடன்பட்ட ஸ்பானிய அரசு, 1557, 1575, 1596 ஆகிய ஆண்டுகளிற் கடனை இறுக்க இயலாது கைவிரித்தது. வெள்ளி ஜெனோவா முதலிய நகரங்களின் வட்டிக் கடைகளை அடைந்தது. சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளுக்கும் ஐரோப்பிய வர்த்தகக் கம்பனிகள் அமெரிக்க வெள்ளியையே விலையாகக் கொடுத்தன. இங்ஙனம் உலகத்தையே சுற்றிவந்த செல்வம், அதனைத் தோண்டியவன் குடிசையை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

வெள்ளி குறைந்தபின் வெள்ளீயத்தின் காலம் வந்தது. பொத்தோசி மாநிலத்தின் வடபகுதிச் சுரங்கங்களால் உலகப் பெருஞ்செல்வருள் ஒருவரான சிமோன் பத்தீஞோ, தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை ஐரோப்பா முதலிய இடங்களிற் கழித்து, 1947இல் இறந்தார். 1952ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் அரசு பெருஞ்சுரங்கங்களைத் தேசியமயமாக்கியது. ஆனால், 1985இல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை வீழ்ந்தபோது, பல்லாயிரம் சுரங்கத் தொழிலாளர் வேலையிழந்தனர். தொலைதூரத்துச் சந்தையிலே விலையை வகுத்தவர் ஒருசாரார். அதனாற் பட்டினி கிடந்தவர் மற்றொருசாரார்.

இன்றும் அம்மலையில் ஆயிரக்கணக்கானோர் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து, எஞ்சிய தாதுவைத் தேடுகின்றனர். பசியும் களைப்பும் தெரியாதிருக்கக் கொக்கா இலையை மெல்லுகின்றனர். சுரங்கத் தூசு நுரையீரலை அரித்துப் பலரை நடுவயதிலேயே மாய்க்கின்றது. கணவரை இழந்த பெண்கள், முன்னோர் கழித்தெறிந்த கற்குவியல்களைக் கிளறி, தாது ஒட்டிய கற்களைச் சம்மட்டியால் உடைத்துப் பொறுக்கி விற்கின்றனர். நூற்றாண்டுகளாகக் குடையப்பட்ட மலையின் உச்சியும் இடிந்து சரியத் தொடங்கியமையால், 2014இல் யுனெஸ்கோ இந்நகரை ஆபத்துக்குள்ளான மரபுரிமைகளின் வரிசையில் வைத்தது.

வறுமைக்குக் காரணம் மண்ணின் வறட்சியே என்றும், மக்களின் சோம்பலே என்றும் கூறுவோர் உளர். பொத்தோசியில் மண்ணும் வறண்டதன்று, மக்களும் சோம்பியிருந்தவரல்லர். உழைப்பின் பயன் உழைத்தோர் கையிற் தங்காமையே அங்கு வறுமையாயிற்று. உலகச் சமத்துவமின்மை பற்றி 2022இற்கென வெளியான அறிக்கையொன்று, உலகச் செல்வத்தில் 76 சதவீதம் மேல்நிலையிலுள்ள பத்திலொரு பங்கினரிடமும், வெறும் 2 சதவீதம் கீழ்நிலையிலுள்ள பாதி மக்களிடமும் இருப்பதாகக் கணக்கிட்டது. அந்த எண்களின் பொருளை உணர இம்மலையின் கதை உதவும்.

அதே பொத்தோசி மாநிலத்தில், 10,000 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான பரப்பில் ‘உயூனி’ உப்புவெளி வெள்ளை வெளேரெனக் கிடக்கின்றது. மின்கலங்களுக்கு வேண்டிய இலிதியம் அதனடியில் மிகுதியாக உண்டு. அதனை எடுக்கப் பிறநாட்டுக் கம்பனிகள் பல முன்வந்துள்ளன. கிடைக்கும் வருவாயில் தமக்குரிய பங்கு என்ன என்று அவ்வட்டார மக்கள் கேட்கின்றனர். அவர்களது பாட்டன்மார்க்கு அக்கேள்வியைக் கேட்க வாய்க்கவில்லை.

பூமிசாத்திரப் பாடத்திலே ஒரு நாட்டில் விளையும் தாதுப்பொருள்களை நம் பிள்ளைகள் வரிசையாக ஒப்புவிக்கின்றனர். அவை எவர் கையால் எடுக்கப்படுகின்றன, எவர் வீட்டைச் சேர்கின்றன என்பதையும் அவர்கள் கேட்டறிதல் நன்று.