கடல் விலகிப்போன அரண்மனை

சேப்பாக்கம் என்றதும் எல்லோருக்கும் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். அந்த மைதானம் இருக்கும் இடமே ஒரு காலத்தில் நவாபின் அரண்மனை வளாகம் என்பது டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கும் பலருக்குத் தெரியாது. பக்கத்தில் மரங்களுக்கு நடுவே சிவப்பாகத் தலை நீட்டுகிறதே ஒரு கோபுரம், அதுதான் அரண்மனையின் அடையாளம்.

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்கு எதிரிகள் அதிகம். ஆங்கிலேயரின் பீரங்கிக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டால் நிம்மதி என்று நினைத்தார். புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே குடியேறும் யோசனை கைகூடவில்லை. அதனால் கோட்டைக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டி அரண்மனை எழுப்பினார். 1768-ல் வேலை முடிந்தது. ஹுமாயூன் மஹால், கலச மஹால் என்று இரண்டு கட்டடங்கள். கட்டியவர் பால் பென்ஃபீல்ட் என்பார்கள்.

இந்த பென்ஃபீல்ட் லேசுப்பட்ட ஆள் இல்லை. கம்பெனி உத்தியோகஸ்தர், நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவரும் அவரே! கடனுக்கு ஈடாக ஊர்களின் வரி வருமானம் கைமாறியது. லண்டன் நாடாளுமன்றத்தில் 1785-ல் எட்மண்ட் பர்க் இந்தக் கடன் விவகாரத்தைப் போட்டு உடைத்தார். ஆனாலும் கடன் தீரவில்லை. பாதுகாப்பு தேடி வந்த குடும்பத்திடமிருந்து 1801-ல் கர்நாடக ஆட்சியையே கம்பெனி எடுத்துக்கொண்டது. மிஞ்சியது பட்டமும் இந்த அரண்மனையும்தான். 1855-ல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்ததும் அவையும் போயின. அரண்மனை ஏலத்துக்கு வந்தது, வாங்கியதும் அரசாங்கமே!

பிறகு அலுவலகங்கள் வந்தன. பொறியியல் கல்லூரிகூட கிண்டிக்குப் போகும்வரை இங்கேதான் நடந்தது. அந்தச் சிவப்புக் கோபுரம் நவாப் கட்டியதல்ல. இரண்டு மஹால்களுக்கும் நடுவே பிற்பாடு ராபர்ட் சிஷோம் எழுப்பியது.

நவாப் காலத்தில் அலை இன்னும் கிட்டத்தில் அடித்தது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபோது, தெற்கிலிருந்து வரும் மணல் தடுக்கப்பட்டுக் குவிந்தது. கடல் பின்வாங்கி, இன்றைய அகலமான மெரினா உருவானது.

2012 ஜனவரியில் கலச மஹாலில் பெரும் தீ. அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். கூரை இடிந்து, சுவர்கள் கரியாய் நின்றன. இடித்துவிடுவார்கள் என்றே பலர் நினைத்தார்கள். பொதுப்பணித்துறையோ பழைய முறைப்படி சுண்ணாம்புச் சாந்து குழைத்து மறுபடி நிமிர்த்தியது. நவாப் குடும்பம் வாழ்ந்த அந்த மஹாலுக்குப் பிறகு பசுமைத் தீர்ப்பாயம் குடிவந்தது.