சட்டத்தில் ஒரு வரி

மொட்டை மாடிக்குக் கூரை போட்டு, எழுபது எண்பது பேர் உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஒரு பாட்டு அரங்கு தொடங்கப் போவதாகச் சொன்னீர்கள். மனசு நிறைந்துவிட்டது, பிள்ளைகளா. எந்த மைக் வாங்குவது, யாரை முதலில் பாட வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மயிலாப்பூரில் ஒரு சின்ன சபாவின் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் நான் பேச வேண்டியது பணத்தைப் பற்றியும் அரசாங்கத்தைப் பற்றியும். உங்கள் வயதில் அதை எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லை.

டிசம்பரில் மதியம் இரண்டு மணிக் கச்சேரிக்கு ஒருமுறை போய் உட்காருங்கள். பாடுகிற பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். எதிரே பத்துப் பன்னிரண்டு பேர். அதில் அவளுடைய அப்பா, அம்மா, பாட்டு வாத்தியார் போக, கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் கண்ணயர்ந்த ஒருவரும் இருப்பார். டிக்கெட் கிடையாது. ஆனால் விளக்கு எரிகிறது, மைக்காரருக்குக் கூலி உண்டு, வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் ஏதாவது கொடுத்தாக வேண்டும். அந்தக் காசு அதே நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு நிரம்பி வழிகிற கச்சேரியிலிருந்து வருகிறது. கேன்டீன் குத்தகையிலிருந்தும் மேடைக்குப் பின்னால் தொங்கும் விளம்பரப் பேனரிலிருந்தும் கொஞ்சம் வருகிறது. இன்றைய ஆறு மணி வித்வான்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் இரண்டு மணிக்குப் பாடியவர்கள். அந்த மதியத்தை நிறுத்தினால் பதினைந்து வருஷம் கழித்துச் சாயங்காலத்துக்கும் ஆள் இருக்காது. இதை எங்கள் கமிட்டியில் வருஷா வருஷம் வாதாடித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

உங்கள் அரங்கில் ஆறு மணிக் கச்சேரியே இல்லை. எல்லா நாளும் மதியம் இரண்டு மணிதான். அப்படியானால் உங்கள் மதியத்துக்கு யார் கொடுப்பது?

பிரிட்டனில் இந்தக் கேள்வியை ஊரறியக் கேட்டார்கள். அங்கே 2014இல் தொடங்கிய மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அமைப்பு, நாட்டிலுள்ள சின்ன இசை அரங்குகளைக் கணக்கெடுத்துவந்தது. 2023ஆம் ஆண்டில் மட்டும் 125 அரங்குகள் மூடப்பட்டன அல்லது இசையை நிறுத்திவிட்டன என்று அந்தக் கணக்கு சொன்னது. பாத் நகரில் 1978 முதல் நடந்துவந்த மோல்ஸ் அரங்கும் அதில் ஒன்று. ரேடியோஹெட், ஒயாசிஸ் குழுக்கள் பெரிதாவதற்கு முன் வாசித்த இடம் அது. கணக்கு கையில் இருந்ததால் நாடாளுமன்றக் குழு அவர்களை உட்கார வைத்துக் கேட்டது. ஸ்டேடியம், அரீனா கச்சேரிகளின் டிக்கெட்டிலிருந்து ஒரு சிறு தொகை சின்ன அரங்குகளுக்குப் போக வேண்டும் என்று 2024 மே மாதம் பரிந்துரைத்தது. என்டர் ஷிகாரி என்ற குழு அதற்கு முன்பே தன் அரீனா கச்சேரிகளில் டிக்கெட்டுக்கு ஒரு பவுண்டு ஒதுக்கிக் காட்டியிருந்தது. நவம்பரில் அரசு பதில் சொன்னது: செய்யுங்கள், ஆனால் அவரவர் விருப்பப்படி.

பிரான்ஸ் விருப்பத்துக்கு விடவில்லை. அங்கே இசை நிகழ்ச்சிகளின் டிக்கெட் விலையில் 3.5 சதவீதம் வரியாகப் பிடிக்கப்பட்டு, 2020இல் அமைந்த தேசிய இசை மையத்துக்குப் போகிறது. மையம் அந்தப் பணத்தை இசைத்துறைக்கே திருப்பிக் கொடுக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் வழிதான் சரி என்பது என் கட்சி. தானாகக் கொடுக்கிறவருக்கு ஒரு வருஷம் கை இறுகினால், சின்ன அரங்கின் வாடகை நின்றுபோகும்.

ஒருவர் மனசுவைத்துக் கொடுக்கிற பணத்தை நம்ப முடியாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஓர் அலுவலகம் எங்களுக்கு உதவித்தொகை ஒதுக்கியது. ஆணை கைக்கு வந்தது, பணம் வருவதற்குள் அதிகாரிக்கு மாற்றல். புதியவர் கோப்பை முதலிலிருந்து படித்தார். நாங்கள் அந்தப் பணத்தை நம்பி வித்வான்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். இன்னொரு பக்கம் பாருங்கள். கச்சேரி டிக்கெட்டுக்கு 250 ரூபாய் வரை இருந்த ஜிஎஸ்டி விலக்கை 2018 ஜனவரியில் 500 ரூபாயாக உயர்த்தினார்கள். நாங்கள் யார் வாசலிலும் நிற்கவில்லை, யாருக்கும் பொன்னாடை போர்த்தவில்லை. சட்டத்தில் ஒரு வரி மாறியது. பெயர் தெரியாத சபாவுக்கும் பலன் வந்து சேர்ந்தது. அன்றைய 500 ரூபாய்க்கு இன்று என்ன மதிப்பு என்பதை நீங்கள் கேட்டே ஆக வேண்டும்.

சத்தம் விஷயத்திலும் சட்டத்தில் எழுதியிருப்பதுதான் செல்லும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது; மூடிய அரங்குக்குள் மட்டும் விதிவிலக்கு உண்டு. ஆகவே கூரை போடும்போதே சுவரையும் அடைத்துவிடுங்கள். மயிலாப்பூரில் தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்தபோது, நேற்றுக் குடிவந்தவர் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நடக்கும் கச்சேரி மேல் புகார் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இல் ஒரு விதி கொண்டுவந்தது: இசை அரங்கு முன்பே இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்தான் சத்தத்தைத் தடுக்கும் செலவை ஏற்க வேண்டும். அரங்கு பிந்தி வந்தால் செலவு அரங்குடையது. இங்கிலாந்தும் 2018இல் இதைத் திட்டக் கொள்கையில் சேர்த்தது. இதற்கு அரசாங்கக் கஜானாவிலிருந்து ஒரு பைசா வேண்டாம். நம் ஊரில் இதை யாரும் உரக்கக் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

முதலில் சங்கமாகப் பதிவு செய்யுங்கள். அதற்குத் தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆண்டுக் கணக்கைத் தவணை தப்பாமல் கொடுங்கள். மத்தியக் கலாச்சார அமைச்சகத்தில் அரங்கு கட்டுவதற்கு, பெருநகரங்களில் 50 லட்சம் ரூபாய் வரை, ஒரு நிதியுதவி உண்டு. விண்ணப்பியுங்கள், ஆனால் அதை எதிர்பார்த்து எவரிடமும் முன்பணம் வாங்காதீர்கள், எவருக்கும் தேதி கொடுக்காதீர்கள். ஒரு நீளமான நோட்டுப் போட்டு, ஒவ்வொரு நாளும் யார் வாசித்தார், எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு வசூல், கலைஞர் கையில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அன்றிரவே எழுதுங்கள். நாலு பேர் வந்த நாளையும் எழுதுங்கள். நாங்கள் வரவு செலவு மட்டும் எழுதினோம், தலையை எண்ணவில்லை. அமைச்சர் முன் போய் நின்றால் அந்த எண்ணிக்கைதான் பேசும்.

போகும்போது தனியாகப் போகாதீர்கள். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிற சினிமாப் பாட்டுக் கச்சேரிகளின் டிக்கெட்டிலிருந்து சின்ன அரங்குகளுக்கு ஒரு பங்கு வேண்டும் என்று கேட்டால், சபாக்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடுவார்கள். கானா பாடுகிறவர்கள், கூத்துக்காரர்கள், சொந்தமாகப் பாட்டுக் கட்டும் உங்கள் கிட்டார் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களை நீங்கள் கூட்டி வாருங்கள், பழைய சபாச் செயலாளர்களை நான் கூட்டி வருகிறேன். மாநில பட்ஜெட் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். பொங்கலுக்கு முன்பே மனு நிதித்துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.