தீயில் காரமில்லாத ஊர்

அம்மாவைப் பெற்ற அமுச்சி மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்தால் முதல் சண்டை பருப்போடுதான். ஊட்டியில் எங்கள் வீட்டு விறகடுப்பில் துவரம்பருப்பைப் போட்டுவிட்டு, கரண்டியில் எடுத்து எடுத்து நசுக்கிப் பார்ப்பார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். பருப்பு மட்டும் மசியாது. "உங்கூருத் தீயில காரமே இல்ல கண்ணு" என்று இன்னொரு விறகைத் தள்ளுவார். அம்மா பேசாமல் குக்கரை எடுத்து வைப்பாள்.

தீயில் குறையில்லை என்று அப்பா விளக்குவார். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேலிருந்து அழுத்தும் காற்று, கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் இங்கே 92, 93லேயே கொதித்துவிடும். அதற்குமேல் எத்தனை விறகு தள்ளினாலும் ஆவிதான் கூடும், சூடு ஏறாது. குக்கர் அந்த ஆவியை உள்ளே அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால், 115 டிகிரியிலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. எல்லாம் கேட்டுவிட்டு, "ஏனுங் மாப்ள, அப்பக் கொதிக்கறது பொய்யுங்களா?" என்பார் அமுச்சி. எனக்கும் அதே சந்தேகம்தான்.

மழை ஓய்ந்ததும் நீர்ப்பனி தொடங்கும். மார்கழி, தையில் உறைபனி. மேகமூட்டம் இருந்தால் தரையின் சூடு அவ்வளவாகத் தப்பாது. நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் இரவுதான் ஆபத்து. விடிந்து பார்த்தால் காந்தல் பக்கத்துப் புல்தரையெல்லாம் வெள்ளை. சுரண்டி உருண்டை பிடிப்போம், விரல் மரத்துப்போகும். அது உறைந்த பனித்துளி என்றே நினைத்திருந்தேன். குளிர்ந்த காற்றில் ஆவியின் அழுத்தம் 611 பாஸ்கலுக்கும் கீழே மெலிந்துவிட்டால், நீராகும் கட்டத்தைத் தாண்டி அது நேரே பனிக்கட்டியாகப் படியும். கல்லூரியில் படித்தபோதுதான் இது தெரிந்தது. பள்ளிப் பாடத்தில் எப்போதும் பனிக்கட்டி, நீர், நீராவி என்ற வரிசைதான்.

பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரர் அந்தக் குளிரில், இருட்டோடு எழுந்து உருளைக்கிழங்குச் செடிகளுக்குத் தண்ணீர் தெளிப்பார். பைத்தியமா என்று தோன்றும். ஆனால் ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. தெளித்துக்கொண்டே இருக்கும்வரை இலை பூஜ்யத்துக்குக் கீழே அதிகம் போகாது. நடுவில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகி, இருந்த சூட்டையும் இழுத்துக்கொண்டு போய்விடும். இந்தக் கணக்கு அவருக்குத் தெரியுமோ என்னவோ, நாங்கள் விளையாடிக்கொண்டே ரப்பர் குழாய்மேல் ஏறினால் மட்டும் இருட்டிலிருந்து குரல் வரும்: "டேய், பைப்ப மிதிக்காதீங்கடா! தண்ணி நின்னா செடி போச்சு!"