கரைக்கு அப்பால்

டெக்சஸ் மாநிலத்தில் லாக்ஹார்ட்டைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் ஒரு மாட்டுப் பண்ணையில் துப்பாக்கி சுடும் தளம் அமைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேலை நடக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று போனேன். போன நேரத்தில் துப்பாக்கி ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒரு டோசர், ஓர் எக்ஸ்கவேட்டர், வரிசையாக வந்து மண் கொட்டிவிட்டுப் போகும் லாரிகள், புல்தரையில் குத்தி வைத்த சின்னச் சின்னக் கொடிகள். அவ்வளவுதான். சுடும் தளம் என்றால் முக்கால்வாசி மண் வேலை. சுடுகிறவரின் கை எவ்வளவு பழகியிருந்தாலும், அக்கம்பக்கத்து உயிர்கள், குண்டைத் தடுக்கும் மண் கரையைப் போட்டவரின் பொறுப்பில்தான் இருக்கின்றன என்பது அங்கே நின்று பார்த்தபோது உறைத்தது.

நிலத்துக்காரர் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். 60 ஏக்கர் வைத்திருக்கிறார். மான் வேட்டைப் பருவத்துக்கு முன்னால் துப்பாக்கியின் குறியைச் சரிபார்த்துக்கொள்ளவும், விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு முறையாகச் சொல்லிக்கொடுக்கவும் ஓர் இடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். நகர எல்லைக்கு வெளியே உள்ள மனைப்பிரிவுகளில், 10 ஏக்கரோ அதற்குக் குறைவோ உள்ள மனைகளில் சுடுவதைத் தடுக்க டெக்சஸ் சட்டம் கவுண்டி நிர்வாகத்துக்கு அதிகாரம் தருகிறது. இவருடைய நிலம் அந்தக் கணக்கில் வராது. கரை எத்தனை அடி, எந்தத் திசை பார்க்கிறது என்று இவரிடம் வந்து கேட்க ஆளில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் டோசர்காரர் கேட்டார்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மாடு தண்ணீர் குடிக்கும் குளங்களுக்குக் கரை போடுவது அவர் வீட்டில் அப்பா காலத்துத் தொழில். வண்டியை இறக்கியதும் எஞ்சினைத் தொடவில்லை. அதற்குச் சில நாள் முன்பே 811 என்ற எண்ணுக்குச் சொல்லி வைத்திருந்தார். அமெரிக்காவில் எங்கே மண் தோண்டினாலும் முதலில் அழைக்க வேண்டிய எண் அது. பூமிக்கடியில் குழாயோ கம்பியோ ஓடும் இடங்களில் ஆள் வந்து கொடி நட்டுவிட்டுப் போகிறார்கள்: மின்சாரத்துக்குச் சிவப்பு, தொலைபேசிக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் மஞ்சள். இந்தக் கவுண்டியின் தென்கோடியில் லூலிங் பக்கம் 1922லேயே எண்ணெய் எடுத்துவிட்டார்கள். மஞ்சள் கொடி இங்கே புதிதல்ல. நிலத்தின் ஓரமாக அப்படி ஒரு வரிசை போயிற்று. அதைத் தொடாமல் எல்லாவற்றையும் நாற்பதடி தள்ளி வைத்துக்கொண்டார்.

அடுத்தது திசை. வீட்டுக் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கிழக்கே பார்த்துச் சுடலாம் என்று நிலத்துக்காரர் நினைத்திருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் சாலை. சாலை தாண்டினால் இரண்டு வீடுகள். "சார், அந்தப் பக்கம் நான் கரை போட மாட்டேன். எத்தனை அடி உயரம் கேட்டாலும் போட மாட்டேன்" என்று டோசர்காரர் கையை விரித்துவிட்டார். இரண்டு பேரும் நிலம் முழுக்க நடந்தார்கள். கடைசியில் வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, வடக்கு நோக்கி ஓர் இடம் முடிவாயிற்று. அங்கே கரைக்குப் பின்னால் தரை மெல்ல ஏறி ஒரு மேடாகிறது. மேடும் அவர் நிலத்துக்குள்ளேயே அடக்கம். வடக்கு பார்த்து நின்றால் காலையிலும் மாலையிலும் சூரியன் கண்ணில் அடிக்காது என்பது கூடுதல் வசதி.

பதினைந்தடி உயரத்துக்குக் கரை போட்ட பிறகும் பின்னால் மேடு எதற்கு என்று கேட்டேன். டோசர்காரர் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். சுடுகிறவரிடமிருந்து கரை 100 கஜம், அதாவது 300 அடி. துப்பாக்கி தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கிறது. கரையின் உச்சி அதற்கு மேல் பதினோரடி. முந்நூறடியில் பதினோரடி என்றால் இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் கூட. மண்வெட்டிக் காம்பில் மூன்றடி அளந்து, ஒரு முனையைத் தோளில் வைத்து, மறுமுனையை மெல்ல உயர்த்திக் காட்டினார். ஒன்றேகால் அங்குலம் சொச்சம் உயர்ந்ததும், "போச்சு, குண்டு கரையைத் தாண்டிவிட்டது" என்றார். ஒரு தும்மலுக்கு அசையும் தூரம்தான் அது. விசையில் விரல் இருக்கும்போது பத்து வயதுப் பிள்ளை 'தாத்தா' என்று திரும்பினாலும் அவ்வளவு அசையும்.

தாண்டிய குண்டு எங்கே போகும்? இருப்பதிலேயே எளிய .22 ரகத் தோட்டாப் பெட்டியிலேயே, ஒன்றரை மைல் வரை போகும், எச்சரிக்கை என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஒன்றரை மைல் என்றால் 2.4 கிலோமீட்டர். ராணுவத் துப்பாக்கிகளின் குண்டு மூன்றரை கிலோமீட்டர்கூடப் போகும்.

இதைக் கேட்டதும் எனக்கு நார்த்தாமலை நினைவு வந்தது. 2021 டிசம்பர் 30 அன்று, புதுக்கோட்டை மாவட்டத்தில் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி சுடுதளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, வெகுதொலைவில் தாத்தா பாட்டி வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3ஆம் தேதி அந்தப் பிள்ளை இறந்தது. சுடுதளத்தை மூடினார்கள். அன்றைக்குச் செய்தியைப் படித்தபோது, அத்தனை தூரம் தள்ளி ஒரு வீட்டுக்குள் எப்படி என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாக இருந்தது. மண்வெட்டிக் காம்பின் முனை ஒன்றேகால் அங்குலம் உயர்ந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி அடங்கிவிட்டது. கோபம் மட்டும் அடங்கவில்லை. பயிற்சி பெற்ற வீரர்கள் சுடும் இடம் என்பது போதாது. பயிற்சி பெற்ற கையும் ஒருநாள் அசையும் என்று வைத்துக்கொண்டு கட்ட வேண்டும்.

இங்கே அப்படித்தான் கட்டினார்கள். சுடும் மேசைக்கு மேலே தகரக் கொட்டகை. அதற்குச் சில அடி முன்னால், தலைக்கு மேலே குறுக்காக ஒரு மரத் தடுப்பு: இரண்டு கனமான பலகைகள், நடுவே நெருக்கி நிரப்பிய கூழாங்கல். மேசையில் உட்கார்ந்து பார்த்தால் கரை தெரிகிறது, தடுப்பு தெரிகிறது, வானம் தெரியவில்லை. குழல் கரையின் உச்சிக்கு மேல் உயர்ந்தால் குண்டு அந்தத் தடுப்பில் போய்ப் புதையும். அதையும் மீறி ஒன்று தப்பினால்தான் பின்னால் இருக்கும் மேடு. கைத்துப்பாக்கிக்குத் தனியாக 25 கஜத்தில் இன்னொரு கரை. கிட்டே இருப்பதால் அங்கே அதே உயரம் எட்டு டிகிரிக்கு மேல் மறைத்துவிடுகிறது. பக்கவாட்டிலும் கரை உண்டு.

மண்ணைப் பற்றிச் சொல்லாவிட்டால் அந்த மனிதர்களின் தொழிலைச் சொன்னதாக ஆகாது. டாலஸிலிருந்து சான் அன்டோனியோ வரை ஒரு பட்டையாக நீளும் கறுப்பு மண் இது. கோவில்பட்டிக்காரர் யாராவது வந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தால் ஊர் நினைவு வந்துவிடும்: மழையில் உப்பி, காலில் அப்பி, வெயிலில் கை நுழையும் அகலத்துக்கு வெடிக்கும் அதே கரிசல் குணம். வெடிப்பு விழுகிற மண்ணைக் குண்டு வாங்கும் முகமாக வைக்க முடியாது. அதற்காக அதை விலக்கவும் இல்லை. பக்கத்தில் குளம் தோண்டி, வந்த கறுப்பு மண்ணைக் கரையின் வயிற்றுக்குப் போட்டார்கள். ஒரு சாணுக்கு ஓர் அடுக்கு, ஈரம் பார்த்து, உருளை ஓட்டி, மறுபடி அடுக்கு. நம் ஊர் ஏரிக்கரையைப் போலத்தான். குண்டு படும் முகத்துக்கு மட்டும் பாஸ்ட்ராப் பக்கத்திலிருந்து மணல் கலந்த மண் வந்தது. உச்சியில் நாலடி அகலம், அடியில் ஏறத்தாழ ஐம்பதடி, நீளம் ஐம்பதடி. கணக்குப் போட்டால் அந்த ஒரு கரைக்கே இருபதாயிரம் கன அடி மண், அறுபது லாரி லோடு. முகத்தைச் சாய்வாகப் போட்டால் குண்டு தத்தி மேலே ஏறும். செங்குத்தாக நிறுத்தினால் மணல் சரியும். சரியாமல் எவ்வளவு செங்குத்தாக நிற்குமோ அவ்வளவு. இந்த இடத்தில் டோசர்காரர் லேசர் மட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, இறங்கி நின்று கண்ணாலேயே வாட்டம் பார்த்தார்.

அந்த முகத்தில் ஒரு இளைஞர் வாளியோடு நடந்துகொண்டே இருந்தார். அவருக்கு வேறு வேலை கிடையாது, கல் பொறுக்குவதுதான். மண்ணைச் சலித்துத்தான் கொட்டினார்கள். இருந்தாலும் முகத்தின் மேல் இரண்டடி ஆழத்துக்கு நெல்லிக்காய் அளவுக் கல்கூட இருக்கக் கூடாது என்பது உத்தரவு. கல்லில் பட்டால் குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கையுறை கழற்றி விரலைவிட்டுத் துழாவிப் பார்த்து, கிடைத்ததை வாளியில் போட்டுவிட்டு, ஓரடி நகர்வார். வெயில் ஏறிய பிறகும் நகர்ந்துகொண்டே இருந்தார். மொத்த வேலையிலும் கூலி குறைந்த வேலை இதுதான். என்னைக் கேட்டால் இதற்குத்தான் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

இலக்குகளைப் பட்டறைக்காரர் ஒருவர் செய்து கொண்டுவந்தார். சாதாரண இரும்புத் தகடு ஆகாது. ரைபிள் குண்டு அதில் பள்ளம் போடும்; அடுத்த குண்டு பள்ளத்தில் பட்டால் சிதறல் சுடுகிறவர் பக்கமே திரும்பும். ஏஆர்500 என்ற கடினப்படுத்திய எஃகைத்தான் பயன்படுத்துகிறார்கள். எங்கோ கழித்துப்போட்ட பழைய சாதாரணத் தகடு ஒன்றை என் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். அம்மை விழுந்த முகம் மாதிரி குழிகள், ஒவ்வொரு குழியின் விளிம்பும் கத்தி முனை. புதுத் தகட்டில் அவர் வெல்டிங் வைக்கவில்லை. சூடு பட்ட இடம் கடினம் இழந்துவிடும் என்று போல்ட்டில்தான் தொங்கவிட்டார். தகடு கொஞ்சம் முன்பக்கம் கவிழ்ந்தாற்போல் தொங்குகிறது, சிதறல் தரையில் இறங்கிவிடும். கைத்துப்பாக்கிக்கு 10 கஜத்துக்குக் குறையக் கூடாது, ரைபிளுக்கு 100 கஜம். கண்ணாடி போடாமல் கொட்டகைக்குள் யாரும் நிற்கக் கூடாது.

ஈயம்தான் நிலத்துக்காரரின் பெரிய கவலை. வேதியியல் படித்தவர் அல்லவா! கரையில் புதைகிற குண்டெல்லாம் ஈயம். மண் புளித்தால் அது கரைந்து நீரோடு போகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதற்கென்றே ஒரு கையேடு போட்டிருக்கிறது. மண்ணின் பிஎச் 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருக்கட்டும் என்கிறது. கறுப்பு மண்ணில் சுண்ணாம்பு இயல்பாகவே உண்டு. வெளியிலிருந்து வந்த மணல் மண் புளிப்பானது. அதனால் அதில் சுண்ணாம்புத் தூள் கலந்தார்கள். கரையில் விழும் மழைநீர் மாட்டுக் குளத்துக்குப் போகாதபடி எதிர்ப்பக்கம் வாய்க்கால் வெட்டி, வழியெல்லாம் புல் விதைத்தார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முகத்து மண்ணைச் சலித்து ஈயத்தை எடுத்து விற்றுவிடலாம். கொட்டகைக்குள் சாப்பாடு, தண்ணீர் எதுவும் கூடாது. வாசலில் சோப்பும் குழாயும் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் கையைக் கழுவாமல் வீட்டுப் படி ஏறக் கூடாதாம்.

மற்றவை சின்ன வேலைகள். சுடும்போது ஏற்றச் சிவப்புக் கொடி. இரத்தப் போக்கை நிறுத்தும் இறுக்குப் பட்டை வைத்த முதலுதவிப் பெட்டி. கொட்டகைத் தூணில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எழுதிய பலகை. பதற்றத்தில் 911க்கு அழைக்கிறவர் வழி சொல்லத் தடுமாறக் கூடாது. வெடிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும் என்பதால் காதுக்குள் ஒரு அடைப்பான், மேலே ஒரு மூடி, இரண்டும். கிழக்கே இருக்கும் அந்த இரண்டு வீட்டுக்கும் நிலத்துக்காரர் நேரில் போய், எந்த நேரத்தில் சுடுவோம் என்று சொல்லிவிட்டு, தன் எண்ணையும் கொடுத்துவிட்டு வந்தார். அதில் ஒரு வீட்டில் கைக்குழந்தை தூங்கும் நேரத்தைச் சொன்னார்களாம். அந்த நேரம் பலகையில் ஏறிவிட்டது.

முதல் சோதனைக்கு .22 ரைபிளில் பத்துத் தோட்டாக்கள். நிலத்துக்காரர் நிதானமாகச் சுட்டார். முடிந்ததும் துப்பாக்கியைத் திறந்து காலியென்று காட்டி மேசையில் வைத்தார். டோசர்காரர் கரை முகத்துக்கு நடந்து போய்க் கைக்கொத்தால் கிளறினார், கல் பொறுக்கிய இளைஞர் சல்லடை பிடித்தார். நசுங்கிய ஈயத் துண்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. எட்டாவதுக்குப் பிறகு நேரம் ஆயிற்று. ஒன்பதாவது கிடைத்தது. பத்தாவது கிடைக்கும் வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. பத்தையும் எண்ணி நிலத்துக்காரர் கையில் கொடுத்துவிட்டு, முதல் பெருமழைக்கு முகம் ஓரடி இறங்கும், அதற்காக இரண்டு லோடு மணல் ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கிறேன், மழை விட்டதும் நானே வந்து ஏற்றிக் கொடுக்கிறேன், அதுவரை ரைபிள் வேண்டாம் என்று சொன்னார். நிலத்துக்காரர் சரி என்றார்.