ஒரு பழைய ராலே சைக்கிளைத் தேடி...

காரைக்குடிக்காரர். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 84. இந்த வயதில் அவர் தேடி அலைவது ஒரு சைக்கிளை!

1955-ல் அவருடைய அப்பா வாங்கிய ராலே அது. அப்பாவுக்குப் பிறகு இவர் ஓட்டினார். 1981-ல் மகளைக் காலேஜில் சேர்க்கப் பணம் பற்றவில்லை. தேவகோட்டைப் பால்காரர் ஒருவருக்கு முந்நூறு ரூபாய்க்கு விற்றுவிட்டார். மகள் வேலைக்குப் போய், 2024-ல் ஓய்வும் பெற்ற பிறகுதான் அவளிடம் இதைச் சொன்னாராம். அன்றிலிருந்து ஸ்கூட்டரில் அவரை உட்காரவைத்துக்கொண்டு கடை கடையாக அலைவது அந்த மகள்தான்.

பழைய சைக்கிளைக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. காருக்கு ஆர்.சி. புக் இருக்கிறது. சைக்கிளுக்கு? அந்தக் காலத்தில் நகராட்சியில் வரி கட்டினால் ஒரு வில்லை கொடுப்பார்கள். அதையெல்லாம் யார் எடுத்து வைத்தார்கள்! டயர், செயின், பெடல், சீட், ஏன் ரிம்கூட மாறிப் போயிருக்கும். மிஞ்சுவது ஃப்ரேமில் குத்திய நம்பர் மட்டும்தான். ராலேயில் பெரும்பாலும் சீட்டுக்குக் கீழே, குழாய்கள் சேருகிற இடத்தில் இருக்கும். நல்லவேளை, அப்பா பில்லைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். அதில் அந்த நம்பர் இருக்கிறது.

பி.காம். படிக்கிறவர்களைக் கேட்டால், தேய்மானம் கழித்து அந்த சைக்கிளின் மதிப்பு எப்போதோ பூஜ்யம் என்பார்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்பவர்களிடம் அந்தக் கணக்கு செல்லாது. இங்கிலாந்தில் நாட்டிங்காமில் செய்ததா, அசன்சோலில் சென்-ராலே செய்ததா என்று பார்த்துத்தான் விலையே ஆரம்பிக்கும்.

போன மாதம் அங்கே ஒரு கடையில் பச்சை பெயிண்ட் அடித்த சைக்கிள் ஒன்று நின்றது. செயின் சக்கரத்தில் நாரைத் தலைகள். சந்தேகமே இல்லை, ராலேதான். பெரியவர் உப்புத்தாள் வாங்கிவரச் சொல்லி அங்கேயே உட்கார்ந்து தேய்த்தார். பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே கறுப்பு. அவருடையதும் கறுப்புதான். முதல் நான்கு எண்கள் பில்லோடு அப்படியே ஒத்துப்போயின. ஐந்தாவது துருவேறிக் கிடந்தது. 8 மாதிரியும் இருந்தது, 3 மாதிரியும் இருந்தது.

"அதேதான் ஐயா, எடுத்துட்டுப் போங்க. பன்னிரண்டாயிரம் குடுங்க" என்றார் கடைக்காரர். வியாபாரி வேறு என்ன சொல்வார்?

"8 தாம்ப்பா, வாங்கிருவோம்" என்றாள் மகளும்.

பெரியவர் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்து வெகுநேரம் பார்த்தார். விரல் நகத்தால் தடவியும் பார்த்தார்.

"3 தான். இது வேற யாரோடதோ."

கடைக்காரர் ஒன்பதாயிரத்துக்கு இறங்கி வந்தார். பெரியவர் சிரித்துக்கொண்டே உப்புத்தாளுக்கு உண்டான காசைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். தேவகோட்டையில் இன்னும் இரண்டு பழைய இரும்புக் கடைகள் பார்க்க வேண்டியிருக்கிறதாம்.